முளகுமூட்டிலிருந்து மணிலாவுக்கு

2021 மார்ச்சில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராகுல் காந்தி, ஒரு பள்ளி மாணவியோடு சேர்ந்து தண்டால் எடுத்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பள்ளி இருக்கும் ஊர் முளகுமூடு. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் இருக்கிறது. வீடியோ ஓடிய நாட்களில் ஊர்ப் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. பெல்ஜியம் முதல் பிலிப்பைன்ஸ் வரை கிளை விட்ட ஒரு கன்னியர் சபை பிறந்த ஊர் அதுதான் என்ற தகவல் மட்டும் அந்த ஆரவாரத்தில் காணாமல் போனது.

 முளகுமூடு அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது.  சென்னை மாநிலத்துக்கு வந்தது 1956 நவம்பர் 1-ம் தேதிதான்.

திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மகாராஜா ஒப்புக்கொண்டது, தோள்சீலைக் கலவரத்துக்குப் பிறகு 1859-ல். காகிதத்தில் வந்த விடுதலை வயிற்றுக்கு வந்து சேரத் தலைமுறைகள் பிடித்தன. பஞ்சமும் காலராவும் மாறி மாறி வந்த காலம். அநாதையாக நின்ற பிள்ளைகளில் பெண் குழந்தைகளின் பாடுதான் இன்னும் மோசம். அவர்களுக்குக் கோயிலடியில் ஒரு வாய்ச் சோறு கிடைக்கலாம். வளர்த்து ஆளாக்க யார் இருக்கிறார்கள்?

அந்தப் பகுதி அப்போது கொல்லம் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் இருந்தது; பெல்ஜியக் கார்மேல் சபைக் குருக்கள் அங்கே பணி செய்தார்கள். முளகுமூட்டில் ஓர் அநாதை இல்லம் இருந்தது. சாமியார்கள் எத்தனை பேர் இருந்தாலும் பெண் பிள்ளைகளை வளர்க்கப் பெண்கள் வேண்டும். உதவி கேட்டு அவர்கள் தங்கள் நாட்டுக்கே கடிதம் எழுதினார்கள். அது பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், புனித அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றிய ஒரு மடத்தை எட்டியது.

அங்கிருந்து கிளம்பியவர் மரி லூயி தெ மீஸ்டர். 1857-ல் பிறந்தவர், அப்போது வயது நாற்பது. துணைக்கு ஒரே ஒரு இளம் நவசந்நியாசி. 1897 நவம்பர் 7-ம் தேதி இருவரும் முளகுமூடு வந்து சேர்ந்தார்கள். ஒரு சபையைத் தொடங்கும் திட்டத்தோடு வரவில்லை. மடத்தின் சார்பில் கைகொடுக்க வந்தார்கள். வேலை பெருகிக்கொண்டே போக, கூட ஆட்கள் வேண்டியிருந்தது. அடைபட்ட வாழ்வுக்கென்று ஏற்பட்ட ஈப்பர் மடத்தால் எத்தனை பேரைக் கடல் கடந்து அனுப்ப முடியும்? மறைபரப்புக்கென்றே தனிச் சபை வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. பெரிய நிறுவனங்களின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே தொலைநோக்குத் திட்டம் எழுதிவைப்பது வழக்கம். இங்கே அப்படி எதுவும் இல்லை. தீராத வேலை இருந்தது, சபை அதற்குப் பின்னால் வந்தது.

அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டமும் அப்படித்தான் பின்னால் வந்தது. கெட்டியான வார்த்தைப்பாடு கொடுத்து, மதிலுக்குள் அடைந்து வாழ்பவர்களே முழுமையான துறவிகள் என்று நூற்றாண்டுகளாக எண்ணம் இருந்தது. தெருவில் நடந்து, பள்ளிக்கூடம் நடத்தி, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பெண்களைத் துறவிகளாக ரோம் முறைப்படி அங்கீகரித்தது 1900 டிசம்பரில், பாப்பரசர் 13-ம் சிங்கராயர் காலத்தில். தெ மீஸ்டர் முளகுமூட்டில் வேலையைத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஈப்பர் பகுதி லேஸ் பின்னலுக்குப் பேர்போனது. திண்டின்மேல் வரைபடத்தை விரித்து, ஊசிகளைக் குத்தி, சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிய நூலைக் குறுக்கியும் முறுக்கியும் பூவும் கொடியுமாக இறக்குவார்கள். அகலமான பட்டை என்றால் நூற்றுக்கணக்கான குச்சிகள் வேண்டும். அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் முளகுமூட்டு மடத்தில் லேஸையும் பூத்தையலையும் பெண்களுக்குத் தொழிலாகவே சொல்லிக்கொடுத்ததில் வியப்பில்லை. அந்த வட்டாரத்தில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1820-களிலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்கள் அதில் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. சபை வேறு, நூல் ஒன்றுதான். கையில் தொழில் இருக்கும் பெண்ணை யாரும் சுலபமாக விரட்ட முடியாது என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

உலகமெங்கும் போன சபை ஒன்று தமிழ் மண்ணில் பிறப்பது இது முதல் முறையல்ல. இருபது வருடத்துக்கு முன்பே ஊட்டியில் ஒன்று பிறந்திருந்தது. அதன் கதை முளகுமூட்டுக் கதையைவிடக் காரசாரமானது.

1839-ல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன், துறவறத்தில் 'பாடுகளின் மரியா' என்று பெயர் பெற்றவர். 1865-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். அப்போது அவர் 'மரி ரெபராத்ரிஸ்' என்ற பிரெஞ்சு சபையில் இருந்தார். உள்ளூர்ப் பெண்களைக் கன்னியராக உருவாக்குவது அச்சபைக்கு இங்கே தரப்பட்ட பணிகளில் ஒன்று. இரண்டே வருடத்தில், 28 வயதில், இங்கிருந்த மூன்று மடங்களுக்கும் மாநிலத் தலைவி ஆனார். மிஷனுக்குள் பழைய பிணக்குகள் புகைந்துகொண்டிருந்தன. 1876-ல் அவை வெடித்தன. அவரோடு சேர்த்து இருபது பேர் சபையை விட்டு வெளியேறினார்கள். துறவிகள் கூட்டமாக வெளியேறுவது என்பது அன்றைய திருச்சபையில் சாதாரண விஷயமா என்ன!

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் உதகமண்டலம். அது கோயம்புத்தூர் ஆயர் ஜோசப் பார்தூவின் எல்லை. மரியா நேரே ரோமுக்குப் போய் நிலைமையை விளக்கினார். 1877 ஜனவரி 6-ம் தேதி, மூன்று அரசர் திருநாளன்று, 9-ம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தார். அதுதான் பின்னாளில் எஃப்.எம்.எம். எனப்படும் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை ஆனது. அதோடு சோதனை தீர்ந்துவிடவில்லை. 1883-ல் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்தே நீக்கினார்கள். விசாரணை நடந்து, குற்றமற்றவர் என்று தெரிந்தபின் 1884-ல் சகோதரிகள் அவரையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1904-ல் அவர் இறக்கும்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள், 86 மடங்கள். 2002-ல் ரோம் அவருக்கு அருளாளர் பட்டம் தந்தது.

சென்னைக்காரர்களுக்கு இந்தச் சபையை ஒரே பெயரில் அடையாளம் காட்டிவிடலாம்: ஸ்டெல்லா மாரிஸ். 1947 ஆகஸ்ட் 15 அன்று 32 மாணவிகளோடு அவர்கள் தொடங்கிய கல்லூரி அது.

மருத்துவத்தில் மட்டும் இந்தச் சபைகளின் கை ஓரளவு கட்டப்பட்டிருந்தது. பிரசவம் பார்ப்பது கன்னியருக்குத் தகாது என்று திருச்சபை கருதியது. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த நாட்டில் இந்தத் தடைக்கு என்ன பொருள்? எஃப்.எம்.எம். சகோதரிகள் பணிசெய்த ராவல்பிண்டி மருத்துவமனையில் 1920 முதல் டாக்டராக இருந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல் இந்தக் கொடுமையை நேரில் பார்த்தார். 1925-ல் மருத்துவத்துக்கென்றே தனிச் சபை தொடங்கினார். கன்னியர் பிரசவ மருத்துவம் செய்யலாம் என்று ரோம் வழிவிட்டது 1936-ல். இங்கேயும் வேலைதான் முந்திக்கொண்டது.

இந்தச் சபைகளின் வரலாறுகளில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த தாய்மாருக்குப் படம், பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. கூட நின்று சமைத்த, பிள்ளைகளைக் குளிப்பாட்டிய, பாஷை சொல்லிக்கொடுத்த உள்ளூர்ப் பெண்களின் பெயர்கள் அரிதாகத்தான் தட்டுப்படுகின்றன. திருச்சியில் அன்னம்மாள் என்ற விதவை, விதவைகளைச் சேர்த்து 1858-ல் தொடங்கிய கூட்டம் புனித அன்னாள் சபையாக இன்றும் இருக்கிறது. அவர் பெயர் நிலைத்தது நல்ல விதிவிலக்கு.

தெ மீஸ்டர் முளகுமூட்டோடு நின்றுவிடவில்லை. 1910-ல் பிலிப்பைன்ஸின் வடக்கே தகுதின் என்ற ஊருக்குத் தன் சகோதரிகளை அழைத்துப் போனார். 1915-ல் மணிலாவில் புனித தெரசா கல்லூரி வந்தது. அதே வருடங்களில் அவர் புறப்பட்டு வந்த ஈப்பர் நகரம் முதல் உலகப்போரில் தரைமட்டமாகிக்கொண்டிருந்தது. அந்தப் போர்முனையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிறகு அமெரிக்கா, சீனா, காங்கோ என்று சபை விரிந்தது. 1928 அக்டோபரில் அவர் காலமானார். அகுஸ்தினார் பெயரைத் தாங்கியிருந்த சபை 1963-ல் மரியாவின் மாசற்ற இதயத்தின் பெயரை ஏற்று ஐ.சி.எம். ஆனது. அன்று பெல்ஜியத்திலிருந்து ஆள் வந்தது. இன்று இந்தியாவில் சேர்ந்த சகோதரிகள் ஆப்பிரிக்கப் பணித்தளங்களுக்குப் போகிறார்கள். ஐரோப்பாவில் இந்தச் சபைகளுக்குப் புதிதாகச் சேர்பவர்கள் அரிதாகிவிட்டதால், அங்குள்ள முதிய சகோதரிகளைப் பார்த்துக்கொள்வதே ஒரு வேலையாகிவிட்டது.