பறவையும் படப்பெட்டியும்

ஒரகடம் என்றவுடன் கார்த் தொழிற்சாலைகளும் இரவு பகலாய் ஓடும் லாரிகளுமே நம் கண்முன் நிற்கின்றன. அச்சாலைகளுக்கு நடுவே ஏரிகளும் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மழை பெய்து ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம் ஏரிகளில் நீர் சேர்ந்தால் நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி முதலியவற்றைக் காணலாம். பறவைகளைப் படம்பிடிக்க ஆப்பிரிக்கக் காடுகளுக்கும் மலைகளுக்கும் செல்வோர் உண்டு. தோழியரே, நமக்கு ஏரிக்கரை போதும். (நம் வீட்டார் அனுமதிப்பதும் அவ்வளவுதான்!)

பறவையைப் படமெடுப்பதில் முதல் தொல்லை, அது நம்மை அருகே விடுவதில்லை என்பதே. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் இதற்கு ஒரு விந்தையான வழி கண்டனர். பதப்படுத்திய எருதுத் தோலால் உள்ளீடற்ற ஓர் எருதைச் செய்து, அதன் வயிற்றுக்குள் காமிராவுடன் ஒளிந்துகொண்டனர்! செர்ரி பின்னர் 1909-இல் ஆப்பிரிக்கா சென்று விலங்குகளைத் திரைப்படமாகவும் எடுத்தார். அந்த எருதைப் பற்றி அறிந்து நாம் சிரிக்கலாம்; ஆனால் நம் ஊர் எருமையின் காலடியிலேயே உண்ணிக்கொக்கு அச்சமின்றி மேய்வதைப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். பறவை அஞ்சுவது நிமிர்ந்து நடந்து வரும் மனித உருவத்தைத்தான். ஆகவே உட்கார்ந்தோ, மரத்தின் பின் மறைந்தோ, நிறுத்திய காருக்குள் இருந்தோ படமெடுப்பது நல்லது. மேய்ந்துகொண்டிருந்த கொக்கு சட்டென்று கழுத்தை நீட்டி அசையாமல் நின்றால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

காலை வெயில் நம் முதுகுப்புறம் இருக்கட்டும். பறக்கும் பறவைக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே காமிராவின் கண் திறக்க வேண்டும். இல்லாவிடில் சிறகு மங்கிவிடும். வெள்ளைக் கொக்கு வெயிலில் வெறும் வெண்திட்டாய்ப் பதியும். அப்போது ஒளியளவைச் சற்றுக் குறைத்தால் இறகுகள் தனித்தனியே தெரியும். நம்மில் பலரிடம் இருப்பது அப்பாவின் கைப்பேசிதானே? இரட்டைத் தொலைநோக்கியின் கண்ணாடியோடு அதைப் பொருத்திப் பிடித்தாலும் ஓரளவு நல்ல படம் கிடைக்கும்.

கூட்டைப் படமெடுக்கும் ஆசைதான் ஆபத்தானது. நண்பகலில் நாரை தன் கூட்டில் சிறகை விரித்து நிற்கும். படத்துக்கு அழகான கோலம்! ஆனால் அது குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கிறது. நாம் நெருங்கி அதை விரட்டிவிட்டால் இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடும். காகமும் பருந்தும் வந்துவிடும். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படமெடுப்பது இன்னும் கொடிது. எரிக் ஹாஸ்கிங் என்னும் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1937-இல் கூடுகட்டியிருந்த ஆந்தை ஒன்று தாக்கியதால் ஒரு கண்ணையே இழந்தார். நம் ஊர்க் கொக்குகள் அவ்வாறு தாக்குவதில்லை, பறந்துபோய்விடுகின்றன. இழப்பு முழுவதும் குஞ்சுகளுக்கே.

கூடுகளைக் காண விரும்புவோர் வேடந்தாங்கலுக்குச் செல்லலாம். அங்கே பறவைகள் ஏரி நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் கரையில் நிற்கிறோம். இடையிலுள்ள தண்ணீரே வேலி. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதால் மனம் நொந்த ஊரார், 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய தம் காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாய்ப் பெயரிட்டிருந்தார். 1950 முதல் இறுதிவரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்குவோர் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எடுத்த படத்தின் கீழ் நாளையும் இடத்தையும் எழுதி வைத்தால் அது வெறும் அழகுப் படமாக இராது. இந்த ஏரியில் இந்த ஆண்டு இப்பறவை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நம் பகுதியில் வயல்கள் மனைகளாகும் வேகத்தைப் பார்த்தால் இத்தகைய சாட்சிகள் நிறையத் தேவைப்படும் என்றே தோன்றுகிறது. பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவியரும் கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்தாலே போதும். பெயர் தெரியாத பறவையைப் படமெடுத்து வந்து, பிறகு அறிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம்.