குளிர்காலத்தில் மின்சார ஸ்கூட்டர்ப் பிரயாணம்

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து விடுமுறை நாளொன்றில், தில்லியிலிருந்து மதுராவுக்கு மின்சார ஸ்கூட்டரில் புறப்பட்டேன். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம். சட்டையின் மேல் ஒரு ஸ்வெட்டர் போதுமென்று எண்ணியது, மார்கழி விடியலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பழகிய என் தஞ்சாவூர்ப் புத்தி. பல்வலைத் தாண்டுமுன் விரல்கள் மரத்துப்போயின. எதிரே ஒரு டிராக்டர் திடீரென நின்றது. பிரேக்கைப் பிடிக்க மனம் கட்டளையிட்டது. விரல்கள் மடங்கத் தாமதித்தன. வண்டி சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. காயமில்லை. ஆயினும் வட மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதைப்பற்றிச் சொல்லியாக வேண்டும் என்று அன்றே தோன்றிற்று.

வெப்பமானி காட்டுவது மட்டுமே குளிர் அன்று. நம் உடலைச் சுற்றி வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதனைத் துடைத்துக்கொண்டு போய்விடும். 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் முகம், சுழியத்துக்கும் ஒரு டிகிரி கீழான குளிரை உணரும் என்பது வானிலை அறிஞர் கணக்கு. இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டபோது 'காற்றுக்குளிர்' என்று எழுதிக்கொடுத்தவன் நான். சொல்லின் பொருள் பல்வலில்தான் விளங்கிற்று. பெட்ரோல் வண்டியின் எஞ்சினாவது கால்களுக்குச் சிறிது சூடு தரும். மின்சார வண்டியில் அதுவும் இல்லை.

ஆகவே கனத்த ஆடை ஒன்றைவிட, அடுக்கடுக்கான ஆடைகளே நல்லவை. இடையில் தங்கும் காற்றே நம்மைக் காக்கிறது. உடலை ஒட்டியது கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று, பிறகு குளிரூட்டும். எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு அவசியம். அஃது இல்லையேல், ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் இடையே மார்பில் செய்தித்தாளை மடித்து வைப்பது வடநாட்டார் பழைய உபாயம். தமிழ்த் தாளாயின் வழியில் படிக்கவும் உதவும்! கையுறையும் காலுறையும் இறுக்கமாக இருத்தல் கூடாது. இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் மிகும். ஒரே ஷூவுக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்துக்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும். மப்ளர், துப்பட்டா, புடவைத் தலைப்பு ஆகியவற்றின் நுனிகளைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

மனிதனைப் போலவே மின்கலமும் குளிரில் சோர்வடைகிறது. அதனுள்ளே லித்தியம் அயனிகளின் நகர்வு மந்தமாகி, உள்தடை கூடுகிறது. போதாக்குறைக்கு, 5 டிகிரிக் காற்று 35 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. அதைப் பிளந்து செல்லவும் மின்சக்தி செலவாகும். கோடையில் 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி குளிர்காலத்தில் 80 ஓடும் என்று கணக்கிட்டே நான் புறப்படுகிறேன். கழற்றக்கூடிய மின்கலத்தை இரவில் வீட்டுக்குள் வைப்பதும், புறப்படும் வேளைக்குச் சற்று முன்னர் மின்னேற்றம் முடியுமாறு அமைத்துக்கொள்வதும் நலம். சிம்லா, ஸ்ரீநகர்ப் பக்கத்து அன்பர்கள், உறைந்த மின்கலத்தை உடனே மின்னேற்றம் செய்தல் ஆகாது. சுழிய டிகிரிக்குக் கீழே அதனுள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் விளையும். டயரின் காற்றழுத்தமும் 10 டிகிரி உஷ்ணம் குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு குறையும்.

மூடுபனியில் புறப்படாதிருத்தலே உத்தமம். மின்சார வண்டி ஓசையின்றி வருவது. பனியில் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேளாது. வெயில் ஏறிய பின் கிளம்புங்கள். வழியிலே பனி சூழ்ந்தால் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். தலைக்கவசக் கண்ணாடியில் மூச்சு படியாதிருக்க, முந்திய இரவே சோப்பு நீர் தடவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம்.

மின்னேற்ற நிலையம் எங்கே உளது, அதன் செருகி நம் வண்டிக்குப் பொருந்துமா என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள். மணிக்கொரு முறையேனும் இறங்கி நடங்கள். தேநீர்க் கடையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோப்பையைப் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்குச் சூடு தெரியவில்லையெனில், தெரியும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.