முட்டையும் சட்டத்தில் விலங்கே. பொரியாவிட்டால் கணக்கில் இல்லை

புது தில்லி: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், "விலங்கு" என்பதன் விளக்கத்திலேயே முட்டையும் அடங்கும். ஆகவே, 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில், ஏதேனும் ஒரு பாழ்வீட்டின் இடுக்கில் சாரைப்பாம்பின் முட்டைகள் தென்பட்டால், கண்டவர் எடுத்துப் பொரிக்க வைக்க உரிமையில்லை. வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இனப்பெருக்கம் செய்விக்கும் உயிரியல் பூங்காக்களின் சிக்கல் வேறு. அங்கே முட்டைகள் கெடுவது புதிதன்று. ஆனால், கெட்டதென்று எப்போது முடிவு செய்வது?

கோழி முட்டையைப் புரட்டுவதுபோல் பாம்பு முட்டையைப் புரட்டலாகாது. உள்ளிருக்கும் கரு சிதையக்கூடும். இட்ட நிலையிலேயே மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு வைப்பர். ஓடு குழிந்தால் உடனே எறிவது அவசரம். ஈரப்பதம் குறைந்தாலும் குழியும், பொரியும் தறுவாயிலும் குழியும். இருட்டறையில் விளக்கொளியை ஊடுருவச் செய்தால், உயிருள்ள முட்டையில் செந்நிற நாளங்கள் தெரியும். பூஞ்சை படிந்தது தனித்திருந்தால் அகற்றலாம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்ப்பது பக்கத்து முட்டைக்கும் ஆபத்து.

பொரியாததை உடைத்துப் பார்ப்பதும் அவசியம். கருவே இல்லையெனில் இணைசேர்க்கையை ஆராய வேண்டும். முழுதாக வளர்ந்தபின் இறந்திருந்தால் வெப்பத்தையும் ஈரத்தையும்.

மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கான ஆண்டு இருப்புக் கணக்கில் பிறப்புக்கும் இறப்புக்கும் கட்டங்கள் உண்டு. பொரியாத முட்டைக்கு இல்லை. சட்டம் விலங்கென ஏற்றதைப் படிவம் ஏற்கவில்லை. அந்தக் கட்டத்தைச் சேர்க்கத் தனிச் சட்டத்திருத்தம் எதற்கு?