வாசனைப் பட்டாணி: முகரலாம், தின்னலாகாது

பட்டணத்துக் கடையில், அட்டைப் படத்தைப் பார்த்து மயங்கி 'ஸ்வீட் பீ' விதைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தேன். இளஞ்சிவப்பும் ஊதாவும் வெள்ளையுமாக, வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது போன்ற பூக்கள். மாணவர்களோடு சேர்ந்து பள்ளி வேலியோரம் ஊன்றினேன். முளைத்தது, சுருள் கைகளை நீட்டிக் கம்பியைப் பற்றி ஏறவும் செய்தது. பிறகு நம் வெயில் தாங்காமல் அடியிலை மஞ்சளாகி, ஒரு பூக்கூடக் காட்டாமல் காய்ந்து போயிற்று. அதற்குள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இது எப்போ காய்க்கும்? அம்மாகிட்ட கறி வைக்கச் சொல்லலாமா?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. தாய்மார்களே, பெயரில் இனிப்பும் பட்டாணியும் இருந்தாலும் இது கறிப் பட்டாணி அன்று. இதன் விதையில் நஞ்சு உண்டு. எலும்பையும் மூட்டைத் தாங்கும் நார்களையும் கெடுக்கக்கூடிய நஞ்சு. இதே இனத்துக் கேசரிப் பருப்பில் இருப்பது வேறொரு நஞ்சு. பஞ்ச காலத்தில் அதையே மாதக்கணக்கில் தின்று கால் முடங்கிப்போனவர்கள் வட இந்தியாவில் உண்டு. ஆகவே விதைப் பொட்டலத்தைப் பயறு டின்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பிள்ளை தின்றுவிட்டால் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

தின்ன முடியாததை ஏன் வளர்த்தார்கள்? வாசனைக்காகத்தான். இதன் தாய்மண் இத்தாலியின் சிசிலித் தீவு. அங்கிருந்த குப்பானி என்ற துறவி, 1699-இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யூவிடேலுக்கு விதை அனுப்பினார். யூவிடேல் யார் தெரியுமா? ஒரு பள்ளி ஆசிரியர்! (எங்கள் கூட்டத்துக்கு இப்படியும் ஒரு பெருமை.) அன்றைய பூ சிறியது, வாசமோ தெருவுக்கே வரும். பின்னாளில் ஹென்றி எக்ஃபோர்டு என்ற தோட்டக்காரர் பூவைப் பெரிதாக்கி, நிறங்களையும் பெருக்கினார். 1901-இல், இளவரசி டயானாவின் பிறந்த வீட்டாரான ஸ்பென்சர் குடும்பத்தின் தோட்டக்காரர், இதழ் நெளிந்த புது வகையைக் காட்சிக்கு வைத்தார். பூ பெருக்கப் பெருக்க, பல வகைகளில் வாசம் குறைந்தது. எனக்கென்னவோ பழைய சின்னப் பூவின் மேல்தான் ஆசை.

1911-இல் லண்டன் நாளிதழ் ஒன்று, சிறந்த ஸ்வீட் பீ கொத்துக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தது. வந்து குவிந்த கொத்துகள் 30,000-க்கும் மேல். முதற்பரிசு ஸ்காட்லாந்துக் கிராமப் பாதிரியார் ஒருவருக்கு. மூன்றாம் பரிசு? அவர் மனைவிக்கு! பாதிரியார் அந்தப் பணத்தைத் தம் தேவாலயக் கட்டட வேலைக்குச் செலவிட்டார்.

கேமரன் மலைப் பக்கம் இருப்பவர்கள் வளர்த்துப் பார்க்கலாம். இரவுக் குளிர்தான் இதற்கு முக்கியம். விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். நாலைந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். பூக்களைத் தினமும் பறித்துவிட வேண்டும். காய் பிடித்தால் கொடி பூப்பதை நிறுத்திவிடும்.

கீழ்நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் நமக்கு ரங்கூன் மல்லிதான் சரி. லயத்து வேலியில் ஒரு கொடி போதும். அந்தியில் வெள்ளையாக மலர்ந்து, அடுத்த நாள்களில் இளஞ்சிவப்பாகிச் சிவக்கும். இரவில் வீடெல்லாம் மணக்கும். அதன் காயும் தின்பதற்கல்ல. அந்தச் சிறுமியிடம் இதையும் சொல்லித்தான் பதியன் ஒன்று கொடுத்தேன்.