மூணு நம்பர் ஆசை, முழுக் குடும்பத்துக்கும் மோசம்!



பிள்ளை படிப்புக்கென்று குழுவில் வாங்கிய கடன், சில வீடுகளில் லாட்டரிக்கும் செல்போன் ரம்மிக்கும் போய்விடுகிறது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, தவணை கட்ட முடியாமல் உள்ளுக்குள்ளேயே அழுகிறோம்.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க மத்திய அரசு 2025-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் திருட்டுத்தனமாக நடக்கத்தான் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மூணு நம்பர் சீட்டில் 000 முதல் 999 வரை 1000 எண்கள். ஜெயிப்பது ஒன்று, தோற்பது 999! நேற்று தோற்றவருக்கு இன்று விழும் என்ற கணக்கே கிடையாது. தினம் 50 ரூபாய் என்றால் வருடத்துக்கு 18,250 ரூபாய் போச்சு.

"விட்டதைப் பிடிக்கிறேன்" என்று கடன் வாங்கி ஆடுவது, பொய் சொல்வது, நகையை அடகு வைப்பது, இவையெல்லாம் அடிமையாகிவிட்டதன் அடையாளங்கள். இது சிகிச்சை தேவைப்படும் நோய். திட்டினால் மட்டும் தீராது.

நாம் என்ன செய்யலாம்?

* சூதாட்டக் கடனை அடைக்க மறுபடி கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.
* ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், நகை உங்கள் கையில் இருக்கட்டும்.
* கோபம் தணிந்த நேரத்தில் கணவரிடம், மகனிடம் பேசுங்கள்.
* 14416 (டெலி மானஸ்) எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். "செத்துப் போறேன்" என்று சொன்னால் தனியே விடாமல் உடனே கூப்பிடுங்கள்.
* மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆடுவது நாமாக இருந்தாலும் இதேதான் வழி. மறைத்தால் கடன் வளரும். குழுவில் சொன்னால் துணை கிடைக்கும்!