வெட்சியான் – 7: கல்லில் நின்ற ஆகோள்

ஆட்டத்துக்காக அமைத்துவரும் ‘வெட்சியான்’ என்னும் ரேஞ்சர் பாத்திரத்தின் சுறுசுறுப்பு 16, விழிப்புணர்வு 14 என்று முந்தைய வாரங்களிலேயே முடிவாகிவிட்டது; காரணங்களை மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம். இவ்வாரத்துக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது ஆயுதம். வில்லைத் தவிர்த்துக் கைக்கெட்டும் தொலைவில் போரிடும் ஒருவனுக்குக் குறுவாள் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கே விடை வந்திருக்க வேண்டும். வைகைப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு கல் அந்த வரிசையைக் கலைத்துவிட்டது.

கல்லுக்குச் செல்லுமுன் ‘ரேஞ்சர்’ என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்கும் ஆட்டத்தில் இந்த வகுப்பு முதலில் இல்லை. வகுப்பு என்பது, ஆட்டத்தில் ஒரு பாத்திரம் மேற்கொள்ளும் தொழிலையும் அத்தொழில் அதற்குத் தரும் திறன்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல். மறு ஆண்டில் ‘தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ’ என்ற இதழில் ஜோ ஃபிஷர் எழுதிச் சேர்த்த ரேஞ்சர், டோல்கீனின் கதையில் வரும் அரகார்னைப் போல, நாட்டின் எல்லைக்கு அப்பால் அலைந்து ஊரைக் காப்பவனாக அமைந்தான். தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் ஆளும் ‘முனைஞர்’ என்ற சொல், அதாவது வேந்தன் ஏவ எல்லைமுனையில் நிற்போர் என்ற பொருளுடையது, இவனுக்கு எந்த மொழிபெயர்ப்பையும்விட நன்றாகப் பொருந்துகிறது.

வெட்சி என்பது பகைவர் நாட்டு ஆநிரைகளைக் கவர்ந்து வருதலைப் பாடும் புறத்திணை. குறிஞ்சிக்குப் புறனாக வைக்கப்பட்டது. அவ்வாறு வைத்ததன் நுட்பம் ‘களவு’ என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. குறிஞ்சியில் காதலர் மறைவாகச் சந்திப்பதும் களவு, வெட்சியில் நிரை கவர்வதும் களவு. இரண்டுக்கும் மலைச்சாரலும் இரவும் ஊரார் கண்ணில் படாத வழியும் வேண்டும். தொல்காப்பியர் இத்திணைக்குப் பதினான்கு துறைகளை வகுத்திருக்கிறார், அவற்றை வரிசையாக எண்ணிப் பார்ப்பதே இவ்வாரத்தின் மகிழ்ச்சி. படை புறப்படும் ஒலி, பாக்கத்தில் நற்சொல் கேட்டு நிற்கும் விரிச்சி, பக்கத்தார் அறியாத செலவு, ஒற்றர் அறிந்து வரும் வேய், ஊரின் புறத்தே சூழ்ந்து தங்கும் புறத்திறை என ஐந்து துறைகள் முடிந்த பிறகே ஆறாவதாக ஊர்கொலை வருகிறது. ஏழாவது ஆகோள், அதாவது ஆநிரையைக் கைப்பற்றுதல்; எட்டாவது, மீட்க வருவோரைத் தடுத்துப் போரிடும் பூசல்மாற்று. எஞ்சிய ஆறும் நிரையை நோயின்றி ஓட்டிவருதல், ஊரார் முன் தோன்றுதல், மன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துதல், பகிர்தல், உண்டு மகிழ்தல், கொடுத்தல் என்று நீள்கின்றன. பதினான்கில் ஆயுதம் வேலை செய்யும் துறைகள் இரண்டே. ஒலியில் தொடங்கும் வரிசை மூன்றாம் துறைக்குள் ஓசையடங்கிவிடுவதும் தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இனி அந்தக் கல். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டனர். நடுகல் என்பது போரிலோ பூசலிலோ இறந்தவன் நினைவாக நாட்டப்படும் கல். எழுத்தமைதியைக் கொண்டு இவை கிறித்துவுக்கு முற்பட்டவை என்று கருதப்படுகின்றன. திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் இவ்வகைக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. புலிமான்கோம்பைக் கற்களுள் ஒன்று, கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுடைய கல் இது என்று அறிவிக்கிறது. இலக்கணநூல் ஒரு துறைக்குச் சூட்டிய பெயரும், ஆகோளில் இறந்தவனுக்காக வெட்டப்பட்ட கல்லின் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருப்பதை என்னவென்பது! பிற்கால நடுகற்களில் வாளும் வில்லும் ஏந்திய வீரனின் உருவத்தைக் காணலாம். இக்கல்லிலோ உருவமில்லை, ஆயுதத்தின் பெயருமில்லை. ஊர், நிகழ்ச்சி, பெயர், கல் என்ற நான்கே அதில் நிற்கின்றன.

வெட்சித் துறைகளின் வரிசை ஆட்டத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதைப் பகடை காட்டும். ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பதுங்கிச் செல்ல முயல்பவன் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு சுறுசுறுப்பின் கூட்டெண்ணையும் பயிற்சியின் கூட்டெண்ணையும் சேர்க்கிறான். அத்தொகை காவலனின் இயல்பான கண்காணிப்பு எண்ணைத் தாண்ட வேண்டும். நம் பாத்திரத்துக்குச் சுறுசுறுப்பு தருவது 3, தொடக்கநிலைப் பயிற்சி தருவது 2, ஆக 5. காவலனின் எண் 12 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 65 வாய்ப்பு. ஒருமுறைக்கு இது நல்ல எண்தான். வேலியருகில் ஒன்று, நாயருகில் ஒன்று, தொழுவத்தருகில் ஒன்று என்று ஐந்து முறை உருட்டச் சொன்னால், ஐந்திலும் தப்பும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டைக்கூட எட்டாது. பதுங்குபவனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காவலனின் கண்ணன்று, உருட்டல்களின் எண்ணிக்கை.

ஆகவே பாத்திரத்தை அமைப்பவர் முதலில் குறைக்க வேண்டியது உருட்டல்களை. கூர்தீட்ட வேண்டிய வாள் அதன் பிறகே. வேய் என்ற துறை அதற்குத்தான் பயன்படுகிறது. நாய் எந்தப் பக்கம் கட்டப்பட்டிருக்கிறது, காவலன் எந்த யாமத்தில் மாறுகிறான் என்று முன்பே அறிந்தவன் அந்த இடங்களுக்குப் போகவே வேண்டியதில்லை. விழிப்புணர்வுக்கு 14 ஒதுக்கியதும் இதற்காகவே. ஐந்தாம் நிலையை எட்டிய ரேஞ்சருக்குக் கிடைக்கும், தடமின்றிக் கடக்கச் செய்யும் மந்திரம் பதுங்கலுக்கு 10 கூட்டித் தருகிறது. அந்நிலையில் பயிற்சியின் கூட்டெண்ணும் 3 ஆகிவிடுவதால், பகடையில் 1 விழுந்தாலும் தொகை 17, காவலன் 12இலேயே நின்றுவிடுகிறான்.

‘நோயின்று உய்த்தல்’ என்ற ஒன்பதாம் துறை இன்னும் வியப்புக்குரியது. கவர்ந்த மாட்டைத் துன்புறுத்தாமல் ஓட்டிவருவது அருளுடைமை மட்டுமன்று, பதுங்கலின் பகுதியும் ஆகும். மதுரை, திண்டுக்கல் சமவெளிகளில் அறுவடைக்குப்பின் வயல்களில் கிடை போடுவோர், அதாவது எருவுக்காக மாடுகளை இரவில் வயலில் அடைத்துத் தங்கவைப்போர், இதை விளக்கமின்றியே அறிவர். கன்றைப் பிரித்தால் தாய் கத்தும். பின்னாலிருந்து விரட்டினால் மந்தை சிதறும். முன்செல்லும் மாட்டை மட்டும் மெல்லத் திருப்பினால் மற்றவை தாமே பின்தொடரும். கழுத்துமணியின் நாக்கில் வைக்கோலைச் சுற்றிவிட்டால் அதுவும் அடங்கும். விலங்குகளைக் கையாளும் திறனை ரேஞ்சர்களுள் பலர் ஒப்புக்காகவே எடுத்துக்கொள்கின்றனர்; வெட்சியானுக்கு அது பதுங்கலுக்கு இணையான திறன்.

நிலமும் தன் பங்கைக் கேட்கிறது. தனக்குரிய நிலத்தில் தனியே செல்லும் ரேஞ்சர், வேகம் குறையாமல் பதுங்கலாம் என்பது அதே பதிப்பின் விதி. திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்திலிருந்து பார்த்தால் தெரியும் சிறுமலையை அந்நிலமாகக் கொண்டால், அடிவாரத்து உடைமுள்ளும் சருகும் ஒரு விதமாகவும் மேலேயுள்ள ஈரமான வாழைத்தோட்டங்கள் வேறு விதமாகவும் காலடியை ஏற்கும். கோடையில் கீழே நடப்பவனுக்கு ஒரு சருகே போதும் பகை. காந்திகிராமத்தை 1947இல் நிறுவிய சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அகிம்சையை நம்பியவர்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சாந்தி சேனை என்னும் ஆயுதமற்ற தொண்டர் அணிக்கு மாணவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். பூசல் மூளுமுன் அறிந்து அங்கே போய்ச் சேருவது சாந்தி சேனைக்கும் வெட்சியானுக்கும் பொதுவான பாடம், சேர்ந்தபின் செய்வதுதான் வேறு.

குறுவாள் ஒன்றா இரண்டா என்ற கணக்கும், மான்கொம்பால் ஆன மடுவை இடக்கையில் ஏந்துவதா என்ற வழக்கும் அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அதற்குமுன் பாத்திரத் தாளில் ஒரு கட்டம் நிரப்பப்பட வேண்டும். கூடல் ஊரின் ஆகோளில் அந்தவன் இறந்தான் என்று சொல்லும் கல், அவன் நிரை கவர வந்த வெட்சியானா, கவர்ந்ததை மீட்கப் போன கரந்தையானா என்று சொல்லவில்லை. இருவருக்கும் வேண்டியவை அதே செலவும் அதே வேயும்தான். வாளைத் தேர்வதற்கு முன் ஆட்டக்காரர் தேர வேண்டியது அந்தப் பக்கத்தை.