கட்டடத்துக்கும் நாடி பார்க்கலாம்!

"ஆபீஸ்ல உட்கார்ந்தா தலை கனக்குது, கண் எரியுது... வெளியே வந்தா சரியாயிடுது டாக்டர்!"

இப்படிச் சொல்கிறவர்களுக்கு நாடி பார்த்த கையோடு, 'உங்க ரூம்ல ஜன்னல் திறக்குமா?' என்றும் கேட்பேன். பலர் உட்கார்ந்திருக்கும் மூடிய அறையில் மூச்சுக் காற்றால் கரியமில வாயு கூடும். மந்தமும் தலைவலியும் வர இதுவும் ஒரு காரணம்.

உடம்பைப் போலவே கட்டடத்திலும் ஐம்பூதங்கள் சீராக இருக்கணும். கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2011-ல் திறந்த சி.ஐ.ஆர்.எஸ். என்ற ஆராய்ச்சிக் கட்டடம் இதற்கு நல்ல உதாரணம். வடிவமைத்தது பீட்டர் பஸ்பி குழுவினர். நான்கு தளங்கள். சித்த வைத்தியர் கண்ணால் பார்ப்போமா?

நிலம்: தூணும் உத்தரமும் பெரும்பாலும் மரம். வண்டு அரித்துப் பட்டுப்போன பைன் மரங்களையும் வீணாக்கவில்லை.

நீர்: கூரையில் விழும் மழைநீரைச் சுத்திகரித்துக் குடிக்கவும், கழிவுநீரைச் செடிகள், நுண்ணுயிர்கள் மூலம் சுத்தப்படுத்திக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விடவும் திட்டம் போட்டார்கள்.

நெருப்பு: பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேறி வீணாகும் சூட்டைப் பிடித்து இங்கே கதகதப்பு; மிஞ்சியதை அங்கேயே திருப்பித் தரவும் ஏற்பாடு. அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கி, தயிராகத் திருப்பித் தருகிற மாதிரி!

காற்று: ஜன்னல்களை உள்ளே இருப்பவர்களே திறக்கலாம், மூடலாம்.

ஆகாயம்: நடுவில் உயர்ந்த கூடம். பகலில் இயற்கை வெளிச்சம். மேற்குப் பக்கம் கொடிகள். கோடையில் இலை விரித்து வெயிலை மறைக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெயிலை உள்ளே விடும். பருவத்துக்கேற்ற பத்தியம் என்றால் இதுதான்!

அப்படியே காப்பி அடிக்கலாமா? கூடாது. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவர் சாப்பிடலாமா? அங்கே குளிர்கால வெயில் விருந்தாளி. நம்ம ஊரில் மேற்கு வெயிலுக்கு ஆண்டு முழுவதும் தடுப்பு வேண்டும்.

நம் வீட்டில் செய்யக் கூடியவை:

* மேற்குச் சுவரில் பந்தல் கட்டிச் சங்குப்பூவோ முல்லையோ ஏற்றுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும், ஜாக்கிரதை!
* எதிரெதிர் ஜன்னல்களைக் காலையிலும் மாலையிலும் திறந்து வையுங்கள். பீரோவை வைத்து ஜன்னலை அடைக்காதீர்கள்.
* சமைக்கும்போது புகை வெளியேற வழி இருக்கட்டும்.
* முதல் மழையைச் சேமிக்காமல் வெளியே விடுங்கள். சேமித்த நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்க வேண்டாம்.

தலைவலி தொடர்ந்தால் ஜன்னலை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள். புதுசா வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் கடைக்குப் போகும் முன், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனையில் நின்று பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை!